பக்கத்துக் கட்டில் பாய்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மழைக்காலத்தில், செம்பூரில் எங்கள் வீட்டுக்கு அருகிலேயே உள்ள ஆஸ்பத்திரியில் என் கணவருக்கு ஆபரேஷன் நடந்தது. புராஸ்டேட் வீங்கி, மூத்திரப்பையில் கல்லும் சேர்ந்திருந்தது. மனிதர் வருடக்கணக்கில் அவஸ்தைப்பட்டும் வாயைத் திறக்கவில்லை. லோக்கல் ரயிலில் பாதி வழியில் முட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறார். கல்யாணம் காட்சி என்றால் ஏதாவது சாக்குச் சொல்வார். என் பிறந்த வீட்டார் மேல் கோபம் என்றே நான் நினைத்திருந்தேன். அப்படி ஒரு சங்கோஜி.

வயிற்றைக் கீறாமல், உள்ளே கருவியை விட்டே கல்லை உடைத்து, வீக்கத்தையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அதன்பின் மேலே தொங்கும் பாட்டிலிலிருந்து சலைன் உள்ளே போய், ரத்தத்தைக் கழுவிக்கொண்டு கீழே பையில் வந்து விழும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாய். திருநெல்வேலிக்காரர், தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். இவருக்கு முன்பே அதே ஆபரேஷன் ஆனவர். கண் விழித்ததும் விசாரிப்பு ஆரம்பித்துவிடும்.

“அண்ணாச்சி, நமக்கு இன்னைக்கு ரோஸ்மில்க் கலரு. ஒங்களுக்கு என்ன நெலவரம்?”

“இங்க இன்னும் தக்காளி ரசம்தான்.”

பேசுவது என் கணவர்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

அன்று மத்தியானம், “நீ போய் டீ குடிச்சுட்டு வா” என்று என்னை விரட்டினார். முகமெல்லாம் வேர்வை. கேட்டால் புழுக்கம் என்றார். நான் திரும்பி வரும்போது வராந்தாவில் பாய், ஒரு கையில் தன் மூத்திரம் வடியும் பை, மறு கையால் சுவரைப் பிடித்தபடி நர்ஸைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். “சிஸ்டர், ஜல்தி! அண்ணாச்சிக்கு பானி அந்தர் ஜாதா ஹை, பாஹர் நஹீ ஆதா.” தண்ணீர் உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. நான் இவர் கட்டிலுக்கு ஓடினேன்.

ரத்தக்கட்டி குழாயை அடைத்திருந்தது. இவர் அடிவயிறு கல்லாக உப்பியிருந்தது. நர்ஸ் பெரிய சிரிஞ்சால் பீய்ச்சி இழுக்க இழுக்கக் கட்டிகள் வந்தன. பைக்குள் தண்ணீர் இறங்கியது. இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர்.

“வலிக்கிறதுன்னு ஏன் சொல்லலை?” என்று அழுதுவிட்டேன்.

“நர்ஸ் நம்ம பொண்ணைவிடச் சின்னவ. அவகிட்ட எப்படிச் சொல்றது?”

“சரி, என்கிட்ட?”

என் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

பாய் மூச்சு வாங்கக் கட்டிலில் உட்கார்ந்தார். “வெக்கத்த வீட்டுலயே வச்சிட்டு வந்துருக்கணும் அண்ணாச்சி. ஒங்க பை ரொம்பலயேன்னு நான்லா பாத்துக்கிட்டு கெடந்தேன்” என்றார். அந்த மனிதரை எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன்.

இப்போது ரயிலேறும் முன் என் கணவர், “இரு, ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்” என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். எத்தனையோ ரயில்களை அப்படி விட்டிருக்கிறோம். போனால் போகட்டும், அவர் திரும்பி வருவாரே என்று நானும் நிம்மதியாகப் பிளாட்பாரத்தில் நிற்கிறேன்.