கொழுந்துக்கு இல்லாத தீட்டு

இன்று பெரகலச் சந்தியில் உள்ள எங்கள் துணிக்கடைக்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை வேண்டுமாம்.

அவன் பிள்ளையோடு உள்ளே வந்தான். அவள் தெருவிலேயே நின்றுகொண்டாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"உள்ள வாம்மா" என்றேன்.

"வேணாங்கம்மா. வீட்டுக்குத் தூரம்."

"எப்பயிருந்து?"

"தீபாவளிக்கு வந்ததுங்க. இன்னும் நிக்கல."

தை பிறந்துவிட்டது. இத்தனை நாளும் லயத்து அறைக்கு வெளியே, வாசலில்தான் படுக்கையாம்.

"டாக்டர்கிட்ட காட்டலியா?" என்று அவனைக் கேட்டேன்.

"ஆம்பள டாக்டருங்க. எப்படிச் சொல்றது?" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

பிள்ளை அவளைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. அவள் இன்னும் பின்னால் நகர்ந்தாள்.

"பிள்ளையைக்கூடவா தொடமாட்ட?"

"பிள்ள உடம்புல துணி இல்லாட்டி தொடலாங்கம்மா. இந்தக் குளிர்ல எப்படிங்க அவுக்கிறது?"

சொல்லிவிட்டு, "நல்ல கெட்டியான சட்டையா பாத்து எடுங்க" என்று தெருவிலிருந்தே அவனுக்குக் குரல் கொடுத்தாள்.

"வேலைக்குப் போறியா?"

"காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போகாம முடியுங்களா? கொழுந்துக்குத் தீட்டில்லன்னு கங்காணி சொல்லிட்டாருங்க."

அவர்கள் போன பிறகு எனக்கு வந்த தேநீரைக் குடிக்க முடியவில்லை.

அவள் கை பட்ட கொழுந்து சீமை வரைக்கும் போகிறது. அதைக் குடித்துவிட்டு எந்தத் துரைசாணியும் தலைமுழுகியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பெற்ற பிள்ளைக்கு மட்டும் தீட்டு என்பது எந்த ஊர் நியாயம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.