தலை ஆடாத கோழி

ஜமுனாமரத்தூர் பள்ளியில் வேலைக்குச் சேரப் போன அன்று, போளூர் பஸ் மலையேறத் தொடங்கியதுமே எனக்குக் குமட்டியது. தினமும் இப்படியென்றால் இந்த வேலையே வேண்டாம் என்று தோன்றியது.

என் பக்கத்தில் ஜன்னலோரம் ஓர் அக்கா, பெரிய பொட்டோடு, மடியிலிருந்த கோழியைத் தடவியபடியே வந்தார்.

"இன்னாம்மா, தல சுத்துதா?" என்றார்.

"ஆமாங்க்கா."

"இந்தக் கோழியப் பாரு. பஸ்ஸு எப்படித் திரும்புனாலும் ஒடம்புதான் ஆடுது, தல ஆடல. வெளியவே பாத்துக்கினு வருது. நீயும் தூரமா அந்த மலையப் பாரு."

எழுந்து ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார். எதிர்மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குமட்டல் மெல்ல அடங்கியது. நடுவழியில் அவர் இறங்கிப் போய்விட்டார்.

நான்கு வருடமாக அதே பஸ்ஸில் நிம்மதியாகப் போய்வருகிறேன். அவரும் ஒருநாள் என்னைப்போல் குமட்டலோடு வந்தபோதுதான் இதைக் கண்டுகொண்டாரோ என்னவோ, அன்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.