கழுவாத உரல்

என் கணவரை யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் எனக்குப் பயம் வந்துவிடும். கூப்பிடுகிறவர்கள் எவ்வளவு நல்லவர்களோ அவ்வளவு அதிகமாக வரும். கஞ்சன் வீட்டில் ஒரு காப்பியோடு முடிந்துவிடும், ஆபத்தில்லை. தாராள மனசுக்காரர்கள்தான் இலை கொள்ளாமல் வைப்பார்கள், வேண்டாம் என்றால் முகம் வாடுவார்கள், "எனக்காக ஒரு வாய்" என்பார்கள். அந்த ஒரு வாய்க்குத்தான் நான் பயந்து சாகிறேன்.

அவர் சரியான சாப்பாட்டு ராமன். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம். ராமநாதபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பு கடல் மீனை எப்போதாவது பார்த்தவர், அதற்கப்புறம் விட்டதைப் பிடிக்கிறவர் மாதிரி சாப்பிட்டார். நான்கு வருஷத்துக்கு முன்னால் தேவிபட்டினத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்தவருக்குக் கை கழுவி வருவதற்குள் உதடு இட்லி மாதிரி வீங்கிவிட்டது. மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டது. ஊசி போட்டு மீட்டுக் கொடுத்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நண்டு, இறால், கூனி, இந்த வகை எதுவும் இனி இவர் நாக்கில் படக் கூடாது, அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்காது என்றார். ஒரு மாத்திரை அட்டையும் எழுதித் தந்தார். அது ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைதான், அதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

டாக்டர் சொன்னதில் என்னைத் தூங்கவிடாத வார்த்தை கூனி. நண்டும் இறாலும் கண்ணுக்குத் தெரியும். கூனி, நகக்கண் அளவுகூட இல்லாத பொடி இறால். காயவைத்து இடித்து டப்பாவில் வைத்துக்கொள்வார்கள். கத்தரிக்காயில் ஒரு சிட்டிகை, துவையலில் ஒரு சிட்டிகை. எங்கள் கரையோரத்தில் அதைப் போட்ட கைக்கே போட்ட ஞாபகம் இருக்காது. அன்றிலிருந்து என் கைப்பையில் மாத்திரை அட்டை, என் வாயில் கேள்வி. எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்படி வரை போய் விசாரிப்பேன். போலீஸ்காரி வந்துட்டா என்று அவர் வீட்டார் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

என்னைக் கேலி செய்யாத ஒரே ஆள் என் தோழி. கீழக்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற கணக்கு டீச்சர். நான் தமிழ் டீச்சர். பதினோரு வருஷமாக ஒரே ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அவள் கொண்டுவரும் நாலடுக்கு டிபன் கேரியரில் மூன்று அடுக்கு எங்களுக்குத்தான். என் கணவருக்கு இப்படி ஆனது தெரிந்ததும், டாக்டர் சொன்னதை மறுபடி மறுபடி கேட்டு ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவள் கேரியரில் இறால் வந்ததே இல்லை. "அண்ணன் சாப்புட முடியாதத நாம மட்டும் எதுக்குடி திங்கணும்?" என்பாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர். ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை.

போன வருஷம் விடுமுறையில் கீழக்கரையில் கடலை ஒட்டிய திடலில் உணவுத் திருவிழா வைத்தார்கள். அவளுக்கும் ஒரு கடை. இடியாப்பம், ஆணம் என்று அவர்கள் சொல்லும் மீன் குழம்பு, மாசிச் சம்பல், கடைசியில் தொதல் அல்வா. அண்ணனைக் கட்டாயம் கூட்டி வர வேண்டும் என்று ஒரு வாரமாகப் பிடிவாதம். எனக்கு இஷ்டமே இல்லை. நாற்பது அடுப்பு எரிகிற இடத்தில் எந்தக் கரண்டி எந்தச் சட்டிக்குள் போகும் என்று யார் பார்ப்பது? ஆனால் அவர் சின்னப்பிள்ளை மாதிரி நாள் எண்ணிக்கொண்டிருந்தார். அவளோ புதுச் சட்டி, புதுக் கரண்டி வாங்கி, சட்டியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி, "இது அண்ணன் சட்டி, வேற யாருக்கும் இதுலேருந்து ஊத்த மாட்டேன்" என்று படம் எடுத்து அனுப்பினாள். அதற்குமேல் மறுத்தால் நான் மனுஷியே இல்லை.

அவர் சாயங்காலம் வருவதாக இருந்தார். நான் காலையிலேயே உதவிக்குப் போய்விட்டேன். உதவி என்பது சாக்கு, கண்காணிக்கத்தான் போனேன். எண்ணெய் புதுசா, மசாலா எங்கே அரைத்தது, தேங்காய் துருவியது எந்த அருவாமனையில் என்று ஒரு மணி நேரத்துக்குள் அஞ்சு தடவை கேட்டிருப்பேன். அஞ்சு தடவையும் பொறுமையாகப் பதில் சொன்னாள். விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு எழுந்தவள் அதற்கப்புறம் உட்காரவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அவள் உள்ளே தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தபோது பின்வாசலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றார். வாலிநோக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், திருவிழாவில் அவருக்கும் ஒரு கடை இருந்தது. இடுப்பில் ஒரு சின்ன மர உரலை இடுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இத அங்கன வச்சிருங்க. காலைல எடுத்துட்டுப் போனேன், கூனி இடிக்க. நல்லாத் தொடச்சுட்டேன்."

வாங்கி வைத்தேன். வைக்கும்போது குனிந்து பார்த்தேன். மரத்தின் கீறல்களில் ரோஸ் நிறத்தில் மெல்லிசாக ஒரு தூசி இருந்தது. வாசமும் இருந்தது. அந்த நிமிஷம் நெஞ்சுக்குள் குளிர்ந்துபோனது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அவள் மாசித் துண்டுகளை எடுத்துக்கொண்டு வந்து அதே உரலின் முன்னால் உட்கார்ந்தாள். மாசி என்றால் சூரை மீனை அவித்துக் கட்டைபோலக் காயவைத்தது. மீன்தான். அவர் தாராளமாகச் சாப்பிடலாம்.

"உரலைக் கழுவலையா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "மாசி உரல்ல யாராச்சும் தண்ணி காட்டுவாகளா? மரம் ஈரத்தக் குடிச்சிரும்டி. அப்பறம் இடிக்கிற பொடியெல்லாம் பூத்துப்போகும். எங்க உம்மா காலத்துலேருந்து இதுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல. துணியால தொடைக்கிறதோட சரி." பிறகு என் முகத்தைப் பார்த்து, "இது ஆறாவது கேள்வி. கழுத்து வர வந்துருச்சு, விடுறியா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள்.

கூனி என்ற இரண்டு எழுத்தை நான் அங்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆறு கேள்வி கேட்டுவிட்ட வெட்கம் வாயை அடைத்தது. சம்பல் கூட்டத்துக்குத்தான், அவருக்குச் சிவப்பு நூல் சட்டி இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உலக்கை விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு இடிக்கும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் அங்கே உட்கார்ந்து வெங்காயம்தான் உரித்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் திடல் நிரம்பிவிட்டது. கச்சான் காற்று கடலிலிருந்து வீசியது. மாரியூர்க்காரர்கள் நண்டு ரசம் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள், அந்த ஆவி காற்றோடு எங்கள் கடைக்குள்ளேயே வந்தது. எல்லோரும் எல்லோருக்கும் ஊட்டாத குறையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தெரியாதவர்கள்கூடக் கையைப் பிடித்து இழுத்து, "ஒரு வாய் பாத்துட்டுப் போங்க" என்றார்கள். அவ்வளவு அன்பான கூட்டத்தை நான் பார்த்ததில்லை. எனக்கோ ஒவ்வொரு நீட்டிய கையும் கத்தியாகத் தெரிந்தது. அவர் பக்கத்திலேயே நடந்து, வருவதையெல்லாம் தடுத்துத் தடுத்துக் கடைசியில் தோழியின் கடையில் கொண்டுவந்து உட்காரவைத்தேன். அவர் முறைத்தார்.

அவள் சிவப்பு நூல் சட்டியைத் திறந்து ஆணம் ஊற்றினாள். இடியாப்பத்தைப் பிட்டு அவர் ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "தங்கச்சி, இதுக்கு மேல ஒண்ணுமில்லம்மா" என்றார். அவளுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் கை அடுத்த பாத்திரத்துக்குப் போனது. ஒரு கரண்டி மாசிச் சம்பலை எடுத்து அவர் இலையில் வைத்தாள்.

"பயப்படாம சாப்புடுங்கண்ணே. வெறும் மாசி, மீனுதான். நானே இடிச்சேன்."

நான் மூன்று அடி தூரத்தில் நின்றிருந்தேன். இலையைப் பிடுங்கியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் பிடுங்கினால் அவள் என்ன நினைப்பாள் என்று தோன்றியது. துடைத்துத்தானே கொடுத்தார்கள், துளி தூசி என்ன செய்துவிடும் என்றும் தோன்றியது. அவர் சம்பலைத் தொட்டு இடியாப்பத்தில் பிசைந்து வாயில் போட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டாவது வாயையும் பார்த்தேன்.

முதலில் உள்ளங்கையைச் சொறிந்தார். பிறகு காது மடலை. "என்னமோ தொண்டைல முள்ளு மாதிரி" என்றார், அந்தக் குரல் அவர் குரலாக இல்லை. கைப்பையைக் கவிழ்த்து மாத்திரை அட்டையை எடுத்தேன். தோழிதான் அட்டையைப் பிடுங்கிக் கிழித்து அவர் வாயில் போட்டாள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த கடைக்காரரின் காரில் அவரை ஏற்றினோம். எதிரே வந்த கூட்டம் தட்டும் கிண்ணமுமாக ஒதுங்கி வழிவிட்டது. வழியெல்லாம் அவள் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே துஆ ஓதினாள். நான் அந்த விசில் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் அது நின்றது. அவர் உதடு நீலமாகியிருந்தது.

பிழைத்துவிட்டார். அஞ்சு நிமிஷம் தாமதித்திருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோது அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, "எதுலயோ நாந்தான் தப்புப் பண்ணிட்டேன் டாக்டர்" என்று அழுதாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் அவளே கண்டுபிடித்து வந்து, அவர் கட்டில் பக்கத்தில் நின்று சொன்னாள். உரலில் கூனி இடித்திருக்கிறார்கள், நான் கேக்காம இடிச்சுட்டேன், இவ கழுவச் சொல்லிக்கூட நான் கேக்கல, என்ன மன்னிச்சிருங்கண்ணே என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

அதற்கப்புறம் அவள் ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு டப்பா மட்டும்தான் கொண்டுவருகிறாள், தனக்கு. பெருநாளைக்கு எங்களுக்குக் கடைப் பிஸ்கட் பாக்கெட் தருகிறாள், பின்பக்கம் அச்சடித்திருக்கும் சேர்மானப் பட்டியலைப் பேனாவால் அடிக்கோடிட்டு. யார் கேட்டும் கல்யாண வீடுகளுக்குச் சம்பல் செய்து கொடுப்பதில்லை. நாங்கள் பேசிக்கொள்கிறோம், சிரிக்கிறோம். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தால் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வேலை வந்துவிடும்.

இந்த வருஷமும் திருவிழா அறிவித்தார்கள். அன்று மத்தியானம் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தேன். என் கணவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"கூனி இடிச்சேன்னு ஒங்ககிட்டச் சொல்லித்தானே குடுத்தேன் டீச்சர்? எம்மேல பழி வந்துரக் கூடாதேன்னு மறுநாளு அவகிட்டயும் வெவரமாச் சொன்னேன். டீச்சர்கிட்டச் சொன்னத யார்ட்டயும் சொல்லாத அக்கா, அவ பாவம், அவ குடும்பம் ஒடஞ்சு போகும்னு எங்கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. இப்ப வர யார்ட்டயும் சொல்லல."

அப்படியானால் எல்லாம் தெரிந்துகொண்டுதான் மறுநாள் அவர் கட்டில் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் ஒரு வருஷமாக என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எனக்காக அடிக்கோடு போட்டுத் தந்திருக்கிறாள். எந்தப் பஸ்ஸில் ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று தெரியவில்லை. உடம்பெல்லாம் கூசியது.

சாயங்காலம் அவர் கடையை மூடிவிட்டு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அவரிடம் சொல்லிவிடுவது என்று எதிரே போய் உட்கார்ந்தேன். திருவிழாப் பேச்சை அவரே எடுத்தார்.

"இந்த வருஷம் நாம போக வேணாம்" என்றார். "நல்ல பிள்ளதான், இல்லேங்கல. ஆனாலும் அந்தத் தங்கச்சி அன்னைக்குக் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம். உசுரு வெளையாட்டா? என்ன சொல்ற?"

"ஆமா" என்றேன்.