உதட்டோரம் ஒரு கடுகளவு

நாங்கள் வேதக்காரர்கள். சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போய், மரக்கூண்டின் ஓரம் முழங்காலிட்டு, அந்த வாரத்து அழுக்கையெல்லாம் சாமியார் காதில் கொட்டிவிட்டு வந்தால் சோறு நன்றாக இறங்கும். அம்பிகைபாகனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் யாழ்ப்பாணத்துச் சைவம். மனதில் ஒன்று விழுந்துவிட்டால் அதை இறக்கி வைக்க இடம் தெரியாமல் வருடக்கணக்கில் சுமப்பான். அவன்மேல் எனக்கு வந்த கோபமெல்லாம் இதனால்தான்.

பினாங்குத் துறைமுக அலுவலகத்தில் அவனும் நானும் எதிரெதிர் மேசை. அவன் வீடு டத்தோ கிராமாட்டில். சிகரெட் கிடையாது, சீட்டு கிடையாது, குதிரைப் பந்தயத் திடல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. கேமரா ஒன்றுதான் அவனுடைய கெட்ட பழக்கம். அதுவும் பூ, பூச்சி, வண்டு. மனுஷன் முகம் மாதிரி பெரிய சாமானையெல்லாம் அவன் திரும்பிப் பார்க்க மாட்டான்.

எழுபத்தொன்பதில் கிட்டத்துப் படம் எடுக்கவென்றே செய்த மேக்ரோ லென்ஸ் வாங்கப் போனான். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். பினாங்கு ரோட்டில் ஒரு சீனர் கடை. குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று, இரண்டில் எது என்பதுதான் கேள்வி. மற்றவர்கள் என்றால் விலையைக் கேட்டு முடிவு செய்வார்கள். இவன் வெளியே போய் ஒரு துண்டு குவே பலகாரம் வாங்கி வந்து, கடைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, எறும்பு வரும்வரை காத்திருந்தான். கடைக்கார தவுக்கே என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எறும்பு வந்தது. குட்டை லென்ஸால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டுமென்றால் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போகவேண்டியிருந்தது. லென்ஸின் நிழலே எறும்பின் மேல் விழுந்தது. நீளமானதில் எட்ட நின்றே அதே அளவு கிடைத்தது. எறும்பும் பயப்படவில்லை. "இதான்" என்றான்.

"இதில முகம் எடுக்கலாமா தவுக்கே?" என்று சும்மா கேட்டு வைத்தது நான்தான்.

"முக்கா பூன் போலே. தாப்பி பெரெம்புவான் மாரா லா" என்றார் அவர். முகமும் எடுக்கலாம், ஆனால் பெண்கள் கோபிப்பார்கள் என்று அர்த்தம். இது இருக்கிறதையெல்லாம் காட்டிவிடும், முகம் எடுப்பதென்றால் பெண்கள் காலுறைத் துணியை லென்ஸின் வாயில் கட்டி எடுங்கள், சாந்தமாக விழும் என்று ஒரு வழியும் சொன்னார். அம்பிகைபாகன் சிரித்துவிட்டான். இவ்வளவு நல்ல லென்ஸை வாங்கி அதன் கண்ணைக் கட்டுவார்களா என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னைக் காரில் போட்டுக்கொண்டு பாலிக் புலாவ் சாதிக்காய்த் தோட்டங்களுக்குப் போவான். ஈரத்தரையில் குப்புறப் படுப்பான். லென்ஸ் வளையத்தைத் திருகமாட்டான்; மூச்சை அடக்கி, உடம்பை முன்னும் பின்னும் ஒரு நெல்லளவு சாய்த்தே குறி சேர்ப்பான். லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கினால்தான் வண்டின் கொம்பிலிருந்து பின்னங்கால்வரை தெளிவாக விழும் என்பான். காற்றை மறைக்கக் குடை பிடிப்பது என் வேலை. கொசுக்கடி என் கூலி. அப்படி எடுத்த ஒரு வண்டுப் படத்தை கேமரா சங்கத்துக் கண்காட்சியில் மாட்டினார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த யாரோ அதன் முன்னால் நின்று தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நல்லம்மா மாமி இருந்தார். புருஷன் போய் வெகுகாலம். ஒரே மகள் அருந்ததி, பாலிக் புலாவில் பள்ளிக்கூட டீச்சர். வாய் ஓயாமல் சிரித்துப் பேசுகிற பெண். அவளுக்கு ஈப்போவிலிருந்து ஒரு டாக்டர் மாப்பிள்ளை சம்பந்தம் வந்தது. பேசி வைத்தவர் அப்புத்துரை அண்ணர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குள் யார் பிள்ளைக்கு யார் பிள்ளை என்பதைத் தலையிலேயே வைத்திருப்பார். சாதகக் குறிப்பும் படமும் அனுப்பச் சொன்னார்கள். "ஸ்டுடியோவுக்கு ஏன் போகணும், நம்ம அம்பி அண்ணே இருக்கிறாரே" என்றாள் அருந்ததி.

முன்கூடத்து ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து எடுத்தான். முதலில் சாதாரண லென்ஸில் சில. பிறகு கை சும்மா இருக்கவில்லை, மேக்ரோவை மாட்டினான். அது நீளமான லென்ஸ், கிட்டத்தில் எடுத்தாலும் மூக்கைப் பெரிதாக்காது, முகத்துக்குப் பொருத்தம்தான். ஆனால் துவாரத்தை வண்டுக்குச் சுருக்குகிற மாதிரியே சுருக்கினான். படம் கழுவி வந்தபோது இமை மயிர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணலாம்.

அருந்ததி இரண்டையும் பார்த்தாள். மேக்ரோ படத்தை உடனே கவிழ்த்து வைத்தாள்.

"இதில என்னைப் பாடத்துக்கு வரைஞ்ச மாதிரி இருக்குலா. மத்ததை அனுப்புங்க அண்ணே. அதில கொஞ்சம் சாந்தமா இருக்கிறேன்."

"சரி" என்றான்.

சரி என்றுதான் சொன்னான். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா தியாகராஜா தாமும் கேமரா வைத்திருப்பவர் என்று அப்புத்துரை சொல்லியிருந்தார். அந்த மனுஷர் படத்தைக் கையில் எடுத்து, யார் எடுத்தது என்று கேட்கவேண்டும் என்று இவனுக்கு ஆசை. உறையில் மேக்ரோ படத்தை வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டான். இவ்வளவுதான் அவன் செய்த பாவம். என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே காதைத் திருகியிருப்பேன்.

ஈப்போவிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. பிள்ளை நல்ல பிள்ளை, சாதகம்தான் பொருந்தவில்லை, செவ்வாய் இடிக்கிறது. அந்தச் சனங்களுக்குள் இது வழக்கமான பதில். சீதனம் போதாது, நிறம் போதாது என்று யாரும் யார் முகத்திலும் சொல்வதில்லை. பழியைக் கிரகத்தின் மேல் போட்டுவிட்டால் இரண்டு வீட்டுக்கும் மானம் மிச்சம். கேட்பவர்களும் அது சாக்கு என்று தெரிந்துகொண்டே தலையாட்டுவார்கள்.

அப்புத்துரை உண்மையை அம்பிகைபாகனிடம் மட்டும் வேலியோரம் நின்று சொன்னார். அருந்ததியின் கீழுதட்டு ஓரத்தில் கடுகளவு வெள்ளைத் தழும்பு ஒன்று உண்டு. சின்ன வயதில் எண்ணெய் தெறித்தது. சிரித்துப் பேசுகிற முகத்தில் அது யார் கண்ணிலும் பட்டதில்லை; எத்தனையோ தடவை அவள் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்த நானே பார்த்ததில்லை. படத்தில் அது பளிச்சென்று விழுந்திருந்தது. தியாகராஜாவின் மனைவி அதை வெண்புள்ளி நோய் என்று எடுத்துக்கொண்டார். அது பரவும், பேரப்பிள்ளைக்கும் வரும் என்று பயம்.

"நீர் போட்டோ எடுத்தீரா, வைத்தியம் பார்த்தீரா?" என்றார் அப்புத்துரை. "வாயைத் திறக்கக் கூடாது. வெண்புள்ளி எண்டு ஒரு கதை கிளம்பினால் அந்தப் பிள்ளைக்குப் பிறகு ஒரு இடமும் வராது."

இவனும் வாயைத் திறக்கவில்லை. அந்த அளவில் அது நியாயம்தான்.

ஆனால் நல்லம்மா மாமி அந்தச் சாக்கை உண்மை என்று நம்பிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த சம்பந்தம் பார்த்திருப்பார்கள். மாமி குறிப்பைத் தூக்கிக்கொண்டு சாத்திரியாரிடம் போனார். பிறந்த நேரம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் எல்லாம் மாறும் என்று அவர் சொன்னார். அதோடு மாமிக்குப் பிடித்துக்கொண்டது. பிரசவ வார்டில் மயக்கத்தோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னது அவர்தான். அந்தக் கடிகாரம் பிழையோ, தன் கண் பிழையோ, பிள்ளையின் வாழ்க்கையைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோம் என்று முடிவு கட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை விரதம் தொடங்கினார். தண்ணீர்மலைப் படியேறி முருகனிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வந்த நல்ல இடங்களை அவரே திருப்பி அனுப்பினார். பையனுக்கும் செவ்வாய் இருக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

வெயிலில் பஸ்ஸுக்கு நின்ற மாமியை ஒரு செவ்வாய்க்கிழமை அம்பிகைபாகன் காரில் ஏற்றிக்கொண்டான். பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வேலை விட்டதும் நேரே மாமி வீட்டு வாசலில் ஹாரன். இவனுக்குப் பக்தி முற்றிவிட்டதென்று மனைவி தவமணிக்கு ஆச்சரியம். இறங்கும்போதெல்லாம் மாமி அவன் தலையைத் தொட்டு, "பெத்த பிள்ளை கூட இப்பிடிச் செய்யாது. நீ நல்லா இருப்பாய் ராசா" என்பார். அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அன்றிரவு சாப்பாடு இறங்காது என்று என்னிடம் சொன்னான்.

இதையெல்லாம் என்னிடம் அவன் சொன்னது பாலிக் புலாவில், ஒரு சாதிக்காய் மரத்தடியில். அதற்குள் வருடங்கள் ஓடியிருந்தன. ஒரு பூவுக்கு நேராக லென்ஸை வைத்தவன், எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து சொல்லி முடித்தான். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, ஏன் இவன் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானத்துக்குக்கூடப் படம் எடுக்க வரமாட்டேன் என்றான் என்று. வண்டுக்கு யாரும் சாதகம் பார்ப்பதில்லை, அதனால் வண்டோடு நிறுத்திக்கொண்டான்.

"போய்ச் சொல்லுடா" என்று கத்தினேன். "அந்தக் கிழவி செய்யாத தப்புக்குப் படியேறுது. நீ டிரைவர் வேலை பார்க்கிற."

"அப்புத்துரை அண்ணர்கிட்ட வாக்குக் கொடுத்திட்டேன் சூசை."

"அவர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஈப்போ டாக்டருக்குப் பிள்ளைகள் ஸ்கூல் போகுது. அருந்ததிக்கு நரை வந்திடுச்சு. இன்னும் யாருக்குலா பயப்படுற?"

யாருக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். அந்த "நீ நல்லா இருப்பாய் ராசா" நின்றுவிடும். அந்தப் பயம்தான்.

மாமியின் முழங்கால் ஒரு தைப்பூசம் கழிந்ததும் சுத்தமாக மறுத்துவிட்டது. அடுத்த செவ்வாய் தண்ணீர்மலை அடிவாரத்தில் கார் நின்றது. மாமி கதவைத் திறந்து காலை வெளியே வைத்தார். எழும்ப முடியவில்லை. அர்ச்சனைத் தட்டை இவன் கையில் கொடுத்தார்.

"நீயே ஏறிப் போ ராசா. எனக்காக நிண்டு ஒண்டு மட்டும் சொல்லு. நேரத்தைப் பிழையாச் சொன்னது நல்லம்மாதான், பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம் எண்டு சொல்லு."

தட்டோடு படியில் கால் வைத்தான். கொஞ்சம் ஏறினான். மேலே போய் அந்தப் பொய்யைச் சாமியிடமே சொல்லவேண்டும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. திரும்பி இறங்கி வந்து, காரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அருந்ததி கேட்ட படம் எது, தான் வைத்த படம் எது, தியாகராஜா வீட்டில் என்ன நினைத்தார்கள், சாதகச் சாக்கு ஏன் வந்தது. அழுதுகொண்டே சொன்னான். கடைசியில், "நேரத்தில ஒரு பிழையும் இல்லை மாமி. எல்லாம் நான்தான்" என்றான்.

மாமி தட்டை அவன் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்த இடத்தில விழுந்தது எண்டாய்?"

"கீழுதட்டோரம். அந்த எண்ணெய்த் தழும்பு."

மாமி தன் உதட்டோரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தீபாவளிக்கு முதல் நாள். இவளை இடுப்பில வச்சுக்கொண்டு வடை சுட்டனான். இறக்கி விடு எண்டு அவர் சொன்னவர். நான் கேக்கேல்லை. அப்ப அதுவும் நான்தான்."

அம்பிகைபாகன் இல்லை இல்லை என்று கையைப் பிடித்தானாம். மாமி காதில் வாங்கவில்லை. பிள்ளைக்கு இதைச் சொல்லிப்போடாதே, பிறகு கண்ணாடி பார்க்கிற நேரமெல்லாம் அதையே பார்ப்பாள் என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவனும் செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ஒரு வாக்கிலிருந்து கழன்று இன்னொன்றில் மாட்டிக்கொண்டவனை என்ன சொல்வது.

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொல்லும்போது முகம் சாம்பல் பூத்திருந்தது. "ஒரு அறை விட்டிருக்கலாம் சூசை" என்றான். "வாசல்ல இறங்கும்போது வழக்கம்போலத் தலையைத் தொட்டாங்க. நீ நல்லா இருப்பாய் ராசான்னாங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை வேலை விட்டதும் அவன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று கேட்டேன். மாமி வரச்சொல்லியிருக்கிறாராம், இந்த முறை எண்ணெய்ச் சட்டிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.