நான் கழற்றிவிட்ட வயர்

எண்பதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபேக்டரி ஃபிட்டராக இருந்தேன். மாசி மாதம். மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது. விடியற்காலையில் புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். நீர்த்தேக்கம் வற்றி, அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய கோயில் சுவர்கூட வெளியே தெரிந்தது.

எங்கள் தோட்டத்தின் ஒரு டிவிஷன் நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் இருந்தது. சுற்றுப் பாதை குண்டும் குழியுமாக இருந்ததால் லாரி வருவதே பெரும்பாடு. அதனால் தோட்டத்துக்கென்று ஒரு படகு. கொழுந்துச் சாக்கும் அதில்தான் வரும், நோயாளியும் அதில்தான் வருவார்கள். படகின் பின்னால் மாட்டும் மோட்டாரில் ஒரு பஸ்ஸர் உண்டு. சூடு அளவை மீறினால் காது கிழியக் கத்தும்.

ஃபேக்டரியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. எந்த எஞ்சினையும் காதால் கேட்டே கோளாறு சொல்லிவிடுவேன் என்பார்கள். அந்தப் பெயர் என் தலைக்கு ஏறியிருந்தது. அதை ஒளித்துப் பயனில்லை.

ஒரு நாள் படகோட்டி வந்தார். எங்கள் பக்கம் மெக்கானிக்கை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“பாஸ், நாலு நாளா அந்தச் சனியன் கத்துதுங்க. மெதுவா விட்டா சத்தம் நின்னுருது. வேகமா விட்டா மறுபடி கத்துது.”

கோளாறு என்னவென்று அவரே சொல்லிவிட்டார். காதால் கேட்டே கண்டுபிடிக்கிற எனக்குத்தான் கேட்கவில்லை.

மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, ஃபேக்டரி வாசலில் இருந்த தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி ஓட்டினேன். இந்த மோட்டார் தான் நிற்கிற தண்ணீரையே அடியில் உறிஞ்சி, உடம்பைக் குளிரவைத்து, மிச்சத்தைப் பின்னால் ஒரு சிறு துளை வழியாகப் பீய்ச்சும். படகோட்டி அதை “ஒண்ணுக்குப் போகுது” என்பார். அன்றைக்கும் போனது, கொஞ்சம் மெலிதாக. மோட்டாரின் தலையில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புதான். கால் மணி நேரம் மெதுவாக ஓட்டியும் பஸ்ஸர் வாய் திறக்கவில்லை.

“மோட்டாருக்கு ஒண்ணுமில்ல. பஸ்ஸருக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்கு. இந்தத் தண்ணியில மனுசனே வெறைச்சுப் போறான், மோட்டார் எப்படிய்யா சூடாகும்?” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

எங்கள் மலையில் இயந்திரத்துக்குக் குளிர்தான் எதிரி. காலையில் லாரியையே சுடுதண்ணீர் ஊற்றித்தான் கிளப்புவோம். சூட்டினால் ஒரு மோட்டார் சாகும் என்பதை நம்ப எனக்கு மனசு வரவில்லை. பஸ்ஸருக்குப் போகிற வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி, மூடியைப் போட்டுக் கொடுத்தேன். இனிமேல் கத்தாது என்று சொல்லி அனுப்பினேன். அதில் மட்டும் நான் சொன்னது சரியாகப் போயிற்று.

ஒரு வாரம் கழித்து, அக்கரையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தண்ணீர்ப் பம்பைப் பார்க்கப் போயிருந்தேன். காலை பத்து மணிக்குப் படகுத்துறைக்குத் திரும்ப வந்தபோது படகில் கொழுந்துச் சாக்குகளை விரித்து, அதன்மேல் ஒரு பெண்ணைக் கம்பளியால் மூடிப் படுக்க வைத்திருந்தார்கள். தலைச்சன் பிரசவம். பிள்ளை திரும்பிக் கிடக்கிறது, உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாளாம். புருஷனும் மாமியாரும் கூட வந்தார்கள். முதல் நாளே வலி வந்திருக்கிறது. அவள் யாரிடமும் சொல்லாமல் சாயங்காலம் வரை மலையில் கொழுந்து எடுத்திருக்கிறாள்.

படகோட்டி முழு வேகத்தில் விட்டார். நடுத்தண்ணீருக்கு வந்ததும் தற்செயலாகப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். துளையில் தண்ணீர் வரவில்லை. ஆவி வந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி வாயெடுப்பதற்குள் பெயின்ட் கருகும் வாடை வந்தது. கரகரவென்று ஒரு சத்தம். அதோடு மோட்டார் நின்றுவிட்டது. மோட்டாரைக் கிளப்புகிற கயிற்றைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. உள்ளே இறுகிப்போயிருந்தது.

படகோட்டி என்னைப் பார்த்தார். “கத்தவே இல்லியே, பாஸ்” என்றார்.

இருந்தது ஒரே துடுப்பு. புருஷன் உட்காரும் பலகையைப் பெயர்த்தெடுத்துத் துழாவினான். நான் குனிந்து கையாலேயே தள்ளினேன். விரல்கள் மரத்துப்போயின. எதிர்க்காற்று வேறு. கரை கண்ணுக்கெதிரே இருந்தது, கிட்டே வருவேனா என்றது. அவள் முனகல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மாமியார் மட்டும் அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தாள்: “நேத்தே வாயத் தொறந்து சொல்லியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?”

கரை சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆஸ்பத்திரியில் தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை போய்விட்டது. ஆண் பிள்ளை. வயிற்றில் வெகுநேரம் உயிரோடுதான் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் மோட்டாரைத் தனியாக உட்கார்ந்து பிரித்தேன். அடியில் தண்ணீரை உறிஞ்சுகிற ரப்பர் சக்கரத்தில் இரண்டு இறக்கைகளைக் காணோம். மற்றவற்றில் நீர்த்தேக்கத்துச் சேறு அப்பியிருந்தது. பீப்பாயின் சுத்தமான தண்ணீரில், மெதுவாக ஓடும்போது அது போதும். வேகமாக ஓடும்போது போதாது. பஸ்ஸர் அத்தனை நாளும் உண்மையைத்தான் கத்தியிருக்கிறது. நாலு போல்ட்டைக் கழற்றியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அரை மணி நேர வேலை.

தோட்டத்து மேனேஜர் துரை வந்து கேட்பதற்குள் நான் இன்னொரு வேலையும் செய்தேன். அந்த வயரைத் திரும்ப மாட்டினேன். துரை கேட்டபோது, “சேறு அடைச்சிருக்குங்க” என்றேன். பொய் இல்லை, பாதி உண்மை. படகோட்டி பக்கத்தில்தான் நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதன்பிறகு என்னிடம் சிரித்துப் பேசவுமில்லை.

அடுத்த வருஷம், பிள்ளையை இழந்த அந்தக் குடும்பம், தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்பும் அரசு ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் புறப்பட்டது. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்த அந்தப் பெண் ஃபேக்டரி வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் முந்தின நாளே வலின்னு சொல்லியிருந்தா எம்புள்ள தங்கியிருக்கும்ல? மாமி இன்னிக்கும் அதத்தான் சொல்லுது.”

“இல்லம்மா. மோட்டார்ல சேறு. உம்மேல தப்பு இல்ல.”

“நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்கண்ணே” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள். வயரைப் பற்றிச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வேலை போய்விடும், ஊர் காறித் துப்பும் என்று விழுங்கிவிட்டேன். அவள் படகுத்துறைப் பக்கம் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

எந்த ஊரில் குடியேறினார்கள் என்று பிறகு எத்தனையோ பேரிடம் விசாரித்தேன், தெரியவில்லை. அன்றைக்கு அந்த வயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அவள் இன்றைக்கும் எங்கோ உட்கார்ந்து, தான் வாய் திறக்காததால்தான் பிள்ளை போனது என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்தப் பழியை அவள் தலையில் வைத்தவன் நான்.