வைரவர் கிடாயின் ஈரல்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். கால்நடை வைத்தியப் படிப்புக்கு நான் தெரிவானால் வைரவருக்கு ஒரு கிடாய் வெட்டுவதாக என் தகப்பன், அப்பு, நேர்ந்திருந்தார். தெரிவானேன். கோயிலில் கிடாய்கள் வெட்டுகிற அடுத்த வேள்விக்கு நான் ஊர் வந்தபோது கிடாய் ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு நின்றது. பலாக்குழையும் ஊறவைத்த அரிசியும் ஊட்டி வளர்த்த உடம்பு. களவு போகாமலிருக்க எங்கள் கறுப்பு நாயைக் கொட்டில் வாசலிலேயே கட்டியிருந்தார்கள். வேள்விக் கிடாய் வளர்க்கிற எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம்.

அந்த முறை வந்த கிடாய்களில் எங்களுடையதுதான் பெரியது. அதை அடக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. அப்பு அதற்கு மாலை போட்டுச் சந்தியைச் சுற்றி நடத்திக்கொண்டு போனார். கோயிலுக்குக் குறுக்குவழி இருந்தது. வேண்டுமென்றே அதால் போகவில்லை.

வெட்டி முடிந்து, இலுப்பை மரத்தடியில் பனையோலை விரித்து இறைச்சியைப் பங்கு போடும் நேரம். பங்கு போடுகிறவர் ஈரலைத் தூக்கினார்; தூக்கியபடியே நின்றுவிட்டார். சிவந்த ஈரலில் மிளகளவிலும் புளியங்கொட்டை அளவிலும் வெள்ளைக் கட்டிகள்.

“உதென்ன உது?” என்று எட்டிப் பார்த்தார் பெரியப்பு. அப்புவின் ஒன்றுவிட்ட தமையன். அவருடைய கிடாய் அன்றைக்கு இரண்டாவது. “வைரவர் ஏற்கேல்லையடாப்பா. பெடியன் செத்த மாடு அறுத்தெல்லே படிக்கிறான். பிறகென்னெண்டு ஏற்பார்?”

பெட்டியோடு பங்குக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னுக்கு நகர்ந்தார்கள். அப்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் படிப்புக்காக வைத்த நேர்த்தி என் படிப்பாலேயே கெட்டதென்று ஊர் சொல்லப்போகிறது.

நான் கத்தியை வாங்கி ஒரு கட்டியை அறுத்தேன். சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டினாற்போலக் கரகரவென்றது. உள்ளே காய்ந்த வெள்ளைத் தூள். இன்னொன்றை அறுத்தேன், அதற்குள்ளும் அதுதான். புழு உயிரோடிருந்தால் நீர்க்கட்டியாக இருக்கும்; அப்படி ஒன்றுகூட இல்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“இது தோத்த ஈரலில்லை, வெண்ட ஈரல்,” என்றேன். “ஒரு புழு இதுக்குள்ளை குடியிருக்க வந்திருக்கு. இரத்தத்திலை காவலுக்கெண்டு வெள்ளை அணுக்கள் இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. அதுகள் ஓடிவந்து புழுவைச் சுத்தி வேலி அடைச்சிட்டுது. வேலிக்குள்ளை புழு செத்து, சுண்ணாம்பாய் இறுகிப்போச்சு.”

“அப்ப உன்ரை கிடாயும் எங்களைப்போலை வேலிச் சண்டைக்காரன்தான்!” என்றார் பங்கு போடுகிறவர். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

“ஓம். ஆனா எங்கடை சண்டை முடியிறேல்லை, இது முடிச்சுப்போட்டுது. அந்தப் புழுவை உடம்பு மறக்கவும் மாட்டுது. பிறகு வாற குஞ்சுகளைக் காலூண்ட முதலே அழிச்சுப்போடும். இல்லாட்டி இவ்வளவு கொழுப்பு எங்காலை வந்தது?”

பெரியப்பு விடவில்லை. “சரி, புழு எங்காலை வந்ததாம்?”

“நாயிட்டையிருந்து.”

“டேய், வைரவரின்ரை வாகனத்தையோ குறை சொல்லுறாய்?”

 படித்ததை விழுங்க மனம் வரவில்லை. “வாகனத்திலை பிழையில்லை, பெரியப்பு. பழுதான ஈரலை நாய்க்கு எறியிறது நாங்கள். அதாலை நாயின்ரை குடலிலை புழு வளருது. அதின்ரை முட்டை பீயோடை விழுந்து, குழையோடை கிடாய்க்குள்ளை போகுது. அந்த நாயைக் கொண்டுபோய்க் கொட்டில் வாசலிலை கட்டுறதும் நாங்கள்தான். இறைச்சியிலை ஒரு குறையுமில்லை. ஈரலை மட்டும் மண்ணுக்குள்ளை தாட்டுவிடுவம்.”

 அப்பு வந்து ஈரலை வாங்கினார். அந்தத் தூளை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு மண்வெட்டி எடுத்து, தாமே ஆழமாகக் கிடங்கு வெட்டித் தாட்டார். நாய்கள் சுற்றி நின்று ஏக்கத்தோடு பார்த்தன.

“என்ரை பங்கை முதல் வையுங்கோ,” என்றபடி ஒரு கிழவர் பெட்டியை நீட்டினார். மற்றப் பெட்டிகளும் கிட்ட வந்தன.

அப்பு கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “அண்ணை, உங்கடை கிடாயின்ரை ஈரலையும் ஒருக்காத் தம்பியிட்டைக் காட்டுங்கோவன்.”

பெரியப்பு முறைத்தார். முறைத்தபடியே ஈரலை ஓலையோடு தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் வேறு கிடாய்க்காரரும் ஈரலோடு வந்து நெரிந்தார்கள். அப்பு கையை விரித்து அவர்களை மறித்தார்.

“தள்ளாதேங்கோ, தள்ளாதேங்கோ. டொக்குத்தர் ஒவ்வொண்டாய்ப் பாப்பார்.”