ஒன்பது அடி இரண்டு அங்குலம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாத மழையில், இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. ஹட்டனில் சின்னதாக ஒரு கட்டட வரைபட அலுவலகம் இருக்கிறது. அங்கேதான் எனக்கு வேலை. பழைய கட்டடங்களை அளந்து வந்து, சுவர், கூரை, கதவு, ஜன்னல் என்று கணினியில் அப்படியே எழுப்பிக் காட்ட வேண்டும். பன்னிரண்டு வருடமாகச் செய்கிறேன். அளவில் பிழை விடாதவள் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயரும் இருந்தது. அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தோட்டத்தின் பிள்ளை மடுவத்தைத் திருத்தப் போகிறார்கள் என்று எங்களிடம் வேலை வந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஒழுகும் கூரையை மாற்றி, உள்ளே புது சீலிங் அடித்து, அதற்குக் கீழே இரும்புக் குழாய் போட்டு, சங்கிலியில் எட்டுத் தொட்டில் தொங்கவிட வேண்டும். தரையைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள்.

அளக்கப் போன அன்று நல்ல மழை. பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே வழுக்கும் குறுக்குப் பாதையில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது என் சப்பாத்தெல்லாம் சேறு. உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். வாசலுக்கு வந்து மெதுவான குரலில், “உள்ள வந்து அளந்துக்கங்க மிஸ். புள்ளைக முழிச்சா நான் பாத்துக்கிறேன்” என்றாள்.

எட்டிப் பார்த்தேன். அரை இருட்டு. தரை முழுக்கப் பாய். பின்பக்கம் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சப்பாத்தைக் கழற்றவும் சோம்பல், பன்னிரண்டரை பஸ்ஸை விட்டுவிடுவேனோ என்ற அவசரமும்.

“பரவாயில்ல தங்கச்சி, ஒரு இடத்துல அளந்தா போதும்” என்றேன்.

நீள அகலத்தை வெளியில் சுற்றி அளந்தேன். புது சீலிங் எந்த மட்டத்தில் வரும் என்பதை மட்டும் வாசலில் நின்றபடியே எடுத்தேன். தரையிலிருந்து ஒன்பது அடி இரண்டு அங்குலம்.

எங்கள் மென்பொருளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் ஒவ்வொரு தளத்துக்கும், தரை இந்த உயரம் என்று கோடு போல ஒரு மட்டத்தை நாம் கொடுப்போம். சீலிங் உயரத்தைக் குறிக்கும் சீட்டை வரைபடத்தில் ஓர் அறையின் மேல் ஒட்டினால், அந்தக் கோட்டிலிருந்து சீலிங் வரை உள்ள தூரத்தை அது தானாகவே எழுதிவிடும். தரை ஏறி இறங்கினால் அதற்குத் தெரியாது. மேடு பள்ளத்தை நாம்தான் அளந்து, வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் உயரத்தைத் தனியாகக் காட்ட வேண்டும். அது நேரம் பிடிக்கும் வேலை. நான் செய்யவில்லை. மடுவத்தின் நான்கு பக்கமும் ஒரே சீட்டை ஒட்டினேன். எல்லா இடத்திலும் ஒன்பது அடி இரண்டு அங்குலம் என்று அழகாக வந்து உட்கார்ந்தது. தொட்டிலின் அடிப்பகுதி தரையிலிருந்து ஒன்றரை அடியில் நிற்கும்படி கணக்குப் பார்த்து, எட்டுச் சங்கிலிக்கும் ஒரே நீளம் எழுதிக் கொடுத்தேன்.

மேசன் பாஸ், அதாவது கொத்தனார், அந்தப் படத்தைப் பார்த்து மூன்று மாதத்தில் வேலையை முடித்தார். முடிந்த வேலையைப் படம் எடுத்து வரும்படி எங்கள் அலுவலகத்து ஐயா என்னை அனுப்பினார். இந்தமுறை நல்ல வெயில். புதுச் சாய வாசம், வெள்ளை சீலிங், அதன் கீழே வரிசையாக எட்டுத் தொட்டில். பார்க்கப் பார்க்க மனது நிறைந்துபோனது. வட்டகொடைப் பக்கம் இதுபோல ஒரு மடுவத்தில்தான் என் அம்மா என்னை விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போவாராம். அந்த நினைப்பும் சேர்ந்துகொண்டது.

அந்தப் பெண் அடுப்பங்கரையில் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கத் தொடங்கியது. எட்டு, ஒன்பது மாதம் இருக்கும். நான் கேமராவை வைத்துவிட்டுப் போய்த் தொட்டிலை மெல்ல ஆட்டினேன். அழுகை கூடியது. கொஞ்சம் வேகமாக ஆட்டினேன்.

“மிஸ், அத ஆட்டாதீங்க!”

என்ன ஏது என்று நான் திரும்புவதற்குள் அவள் ஓடி வந்து தரையில் முட்டி போட்டு விழுந்தாள். தொட்டில் பின்னால் போன வேகத்தில் பட்டென்று ஒரு சத்தம். நான் மெத்தை என்று நினைத்தது மெத்தை இல்லை. ஏறக்குறைய ஓர் அடி உயரத்துக்குக் கொங்கிரீட் மேடு. பிள்ளையின் பாரத்தில் தொட்டில் துணி இழுபட்டு இறங்கி, அந்த மேட்டின் விளிம்புக்கு நேராகவே போயிருக்கிறது. விளிம்புக்கும் குழந்தையின் தலைக்கும் நடுவே இருந்தது அவளுடைய வலது கை.

குழந்தை ஒரு கணம் அழுகையை நிறுத்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. நான் சங்கிலியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் இடது கையால் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வலது கையின் புறத்தில் தோல் உரிந்து, இரத்தம் கசிந்தது. இரண்டு விரல் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது.

“புள்ளைக்கு ஒண்ணுமில்ல மிஸ், பயப்படாதீங்க. நீங்க மொதல்ல உக்காருங்க” என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள்.

குழாய்த் தண்ணீரில் அவள் கையைக் கழுவித் துணி சுற்றிவிட்டேன். அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பொரு காலம் பின்சுவர்ப் பக்கம் ஊற்றுத் தண்ணீர் கசிந்து வந்ததால், அதை அடைக்க அங்கே கொங்கிரீட் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். ஜன்னல் பக்கமோ தரை இறங்கிக்கொண்டே போகிறது. அங்கே தொட்டில் தரையிலிருந்து உயரமாக நிற்பதால், பிள்ளை தவறி விழுந்தாலும் அடிபடாதபடி கீழே ஒரு மெத்தை போட்டு வைத்திருந்தாள்.

“தெரிஞ்சும் நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?” என்றேன். என் குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

“சொன்னேனே மிஸ். சங்கிலி மாட்டுறப்பவே மேசன் பாஸுகிட்ட சொன்னேன். அவரு ஒங்க படத்த விரிச்சுக் காட்டுனாரு. இங்க பாரு, மூலைக்கு மூலை ஒரே அளவுதான் போட்டிருக்கு, படிச்சவங்க தெரியாமலா எழுதுவாங்கன்னாரு. அப்புறம் நான் என்னத்த பேசுறது?”

அதற்குப் பிறகு, அந்த மேட்டின் விளிம்பு முழுக்கத் தலையணைகளை வைத்துக் கட்டியே பிள்ளைகளைப் பார்த்து வந்திருக்கிறாள்.

“இன்னைக்கு எங்க அந்தத் தலையணையெல்லாம்?”

“நீங்க போட்டோ எடுக்க வர்றீங்கன்னு சொன்னாங்க. அசிங்கமா தெரியுமேன்னு காலையில அவுத்து வச்சிட்டேன் மிஸ்.”

சப்பாத்தைக் கழற்றச் சோம்பல்பட்ட என் பிழையை அவள் தலையணை வைத்து மூடியிருக்கிறாள். என் வேலை அழகாகத் தெரிய வேண்டும் என்று அதையும் எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்று பிள்ளைகள் தூங்கியதும் பாய்களைச் சுருட்டிவிட்டு மடுவம் முழுக்க அளந்தேன். ஓர் அடி நகர்ந்தால் ஓர் அளவு. நாடாவின் ஒரு முனையை இடது கையால் பிடித்துக்கொண்டு, “இங்க ஒரு பள்ளம் இருக்கு மிஸ், இதையும் எடுத்துக்கங்க” என்று அவள்தான் காட்டிக்கொண்டே வந்தாள். ஆகக் கூடிய உயரத்துக்கும் ஆகக் குறைந்த உயரத்துக்கும் இடையில் ஒன்றரை அடிக்கு மேல் வித்தியாசம். நான் எழுதிய ஒன்பது அடி இரண்டு அங்குலம் வாசற்படியைத் தவிர வேறெங்கும் இல்லை.

ஹட்டனுக்குத் திரும்பும்போது, வழியில் நோர்வூட் வரும் வரைக்கும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். வேலை முடிந்து ஒப்படைத்தாயிற்று. சங்கிலியை மட்டும் சத்தமில்லாமல் மாற்றச் சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் எனக்கு வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் துணி சுற்றிய அந்தக் கை கண்ணை விட்டுப் போகவில்லை. நேரே போய் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“நாளைக்கே பாஸைக் கூட்டிக்கிட்டு நீயே போ. தோட்டத்துக்குக் கடிதம் நான் எழுதுறேன். பிழை நம்மளோடதுன்னே எழுதுறேன்” என்றார்.

ராத்திரியே தரையை உள்ளபடி வரைந்து, ஒவ்வொரு இடத்துக்கும் அதனதன் உயரத்தைப் போட்டு முடித்தேன். மறுநாள் மேசன் பாஸ், புள்ளி புள்ளியாக எண்கள் நிறைந்த அந்தப் புதுப் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, “என்னாங்க மிஸ், தரைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு?” என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “பாஸ், பழைய படம் பிழை. அன்னைக்கு இந்தத் தங்கச்சி சொன்னதுதான் சரி” என்று அவள் முன்னாலேயே சொன்னேன். அவர் அவளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பிறகு சங்கிலிகளை அவள் சொன்ன உயரத்துக்கு ஒவ்வொன்றாக மாற்றினார். மேட்டை ஒட்டிய மூன்று தொட்டிலையும் அங்கிருந்து தள்ளி மாட்டினார். ஒவ்வொன்றையும் அவள் ஆட்டிப் பார்த்துச் சரி என்று தலையாட்டிய பிறகுதான் அடுத்ததற்குப் போனார். அவளுடைய விரல் வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆனதாகப் பிறகு போனில் சொன்னாள்.

இப்போது எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், அளவு நாடாவை எடுக்கும் முன் அங்கே புழங்குகிறவர்களிடம் தரையைப் பற்றிக் கேட்கிறேன். நான் எழுதுகிற ஓர் எண், உண்மை தெரிந்த ஒருவரைப் பேசவிடாமல் செய்துவிடுமோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அது போகாமல் இருப்பதே நல்லது.